கரண்ட் போன மத்தியானம்

பயப்படாதீங்கம்மா, இந்தக் கண்ணு டெஸ்டு ஒண்ணும் வலிக்காது. ஊசி கிடையாது. கண்ணத் தொடக்கூட மாட்டாங்க. நான் இப்பதான் முடிச்சிட்டு வந்து உக்காந்தேன். வெள்ளையா ஒரு பெரிய கிண்ணத்தச் சாய்ச்சு வச்ச மாதிரி இருக்கும். அதுல தாடைய வைக்கச் சொல்லி, ஒரு கண்ண மூடிருவாங்க. கையில ஒரு பட்டன் குடுப்பாங்க. நடுவுல இருக்குற புள்ளிய மட்டும் பாத்துக்கிட்டே இருக்கணும். அங்கங்க சின்னதா வெளிச்சம் மின்னும். மின்னுறப்ப அமுக்கணும். அவ்வளவுதான். வீடியோ கேம் மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

சும்மா சொல்லலம்மா. அந்தப் பட்டனக் கையில குடுத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நாப்பது வருஷம் ஆச்சு அதெல்லாம் தொட்டு. பாதி வெளிச்சத்த விட்டுட்டேன்னு நெனக்கிறேன். சிஸ்டர் ரெண்டு தடவ சொன்னாங்க, "ஐயா, கவனமாப் பாருங்க"ன்னு. கவனமாத்தான் பாத்தேன். ஆனா நெனப்பு எங்கயோ போயிருச்சு.

இப்ப கண்ணுல மருந்து ஊத்தி உக்கார வச்சிருக்காங்க. முக்கா மணி நேரமாவது ஆகுமாம். எல்லாம் மங்கலாத் தெரியுது. உங்க முகமே எனக்குச் சரியாத் தெரியல, சேலை நீலம்னு மட்டும் தெரியுது. அதுவும் நல்லதுதான்.

நான் பிலவேந்திரன். தேனியில டிவி, மிக்ஸி ரிப்பேர் பாக்குறேன். இப்பத்தான் தேனி. அப்ப கொடைக்கானல்ல இருந்தேன். எண்பத்தஞ்சாம் வருஷம். ஏரிக்குப் போற ரோட்டுல அப்பாஸ் ராவுத்தர்னு ஒருத்தர் வீடியோ கேம் கடை போட்டாரு. மெட்ராஸ்லேர்ந்து பதினோரு மிஷினு லாரியில ஏத்தி, மலை ஏத்திக் கொண்டாந்தாரு. ஒவ்வொண்ணும் பீரோ உசரம். நான் பெரியகுளத்துல ரேடியோ மெக்கானிக்கா இருந்தவன். "மிஷின் கெட்டுப்போனா நீதான் பாத்துக்கணும்டா"ன்னு என்னையக் கூட்டியாந்தாரு. மனுசன் தங்கம். அவரப் பத்தி ஒரு சொல்லு தப்பா சொல்லமுடியாது. அதுனாலதான் இது இன்னும் உறுத்துது.

மிஷினுக்கெல்லாம் இங்கிலீஷ்ல பேரு உண்டு. அதச் சொல்லி யாரு கூப்பிட்டா? பேய் தொரத்துனா பேய் கேம். மேலேருந்து வரிசை வரிசையா பூச்சி இறங்குனா பூச்சி கேம். எல்லாத்துலயும் கூட்டம் நின்னது பூரான் கேமுக்குத்தான். மேலேருந்து ஒரு பூரான் காளானுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு இறங்கி வரும். கீழருந்து சுடணும். நடுவுல சுட்டா ரெண்டு பூரானா ஆயி ரெண்டு பக்கமும் வரும். கம்பி பிடிச்சு ஆடுற ஆட்டம் இல்ல அது, ஒரு உருண்டை இருக்கும், உள்ளங்கையில உருட்டணும். நம்ம ஆளுங்க அத மாவு பிசையற மாதிரி பிசைவானுங்க.

அந்த பூரான் கேமுல நான்தான் ராஜா. பீத்தலுன்னு நெனக்காதீங்க. எங்க மிஷினுக்குள்ள இருந்தது நகல் சர்க்யூட் போர்டு, ஸ்விட்ச அணைச்சா உள்ள இருக்குற பேரெல்லாம் போயிரும். அதுனால சுவத்துல ஒரு கரும்பலகை மாட்டி, யாரு எவ்வளவு எடுத்தான்னு சாக்பீஸ்ல எழுதி வைப்போம். முதல் பேரு பிலவேந்திரன். ஒரு வருஷமா அதே பேருதான். சீசனுக்கு வர்ற காலேஜுப் பையங்க, கார்ல வந்து இறங்குறவங்க, "யாருப்பா இந்த பிலவேந்திரன்?"னு கேப்பாங்க. நான் திருப்புளியக் கையில வச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி, "நான்தாங்க"ம்பேன். அதுல இருக்குற சொகம் இருக்கே... எட்டாங்கிளாஸ் பெயிலானவன்மா நான். என் பேர யாரும் எங்கயும் எழுதி வச்சதில்ல.

அப்பதான் தவமணியக்கா வந்தாங்க.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர். வெளியூருக்குப் பேசணும்னா அப்ப அவங்ககிட்டதான் நம்பர் சொல்லிட்டுக் காத்திருக்கணும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வயசு இருபத்தொம்பது, முப்பது இருக்கும். ஒரு மழை நாளு, குடைய மடக்கிட்டு வாசல்ல நின்னாங்க. கடை பூரா ஆம்பளைங்க. "இது பொம்பளைங்களும் ஆடலாமா தம்பி?"ன்னு கேட்டாங்க. "டோக்கன் வாங்குனா யாருன்னாலும் ஆடலாம்கா"ன்னேன். வாங்கி ஆடுனாங்க. அரை நிமிஷத்துல போச்சு. சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. நானும் சிரிச்சேன்.

மறுநாள் ரெண்டு மணிக்கு வந்தாங்க. அதுக்கு மறுநாளும். காலை ஷிப்டு முடிஞ்சு நேரா வருவாங்க, காதுல மாட்டுற கருவியோட அச்சு முடியில அப்படியே இருக்கும். பேச மாட்டாங்க. ஒரு நாளைக்கு ரெண்டே டோக்கன். மூணாவது கேக்கவே மாட்டாங்க. உருண்டைய உள்ளங்கையால தொட மாட்டாங்கம்மா, ரெண்டே வெரல். கோலம் போட மாவெடுக்குற மாதிரி. எக்ஸ்சேஞ்சுல ஒயரு சொருகிச் சொருகிப் பழகுன வெரலு. மூணே மாசத்துல கரும்பலகையில ரெண்டாவது பேரு தவமணின்னு ஆயிருச்சு. நான்தான் என் கையால எழுதுனேன்.

அன்னிக்கு அந்தப் பலகைய ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க. அவங்க அப்பா டெலிபோன் ஆபீசுல லைன்மேன், கம்பத்துலேர்ந்து விழுந்து செத்தவரு. அவரு செத்ததுக்குத்தான் இவங்களுக்கு இந்த வேலையக் குடுத்திருக்காங்க. "எங்க ஆபீசுல 'அப்பன் செத்து வந்த சீட்டு'ம்பாங்க தம்பி. நான் நல்லா வேலை பாத்தாலும் அதான், பாக்கலன்னாலும் அதான். இந்தப் பலகையில இருக்குற எடம் மட்டுந்தான் எனக்கு யாரும் குடுக்காதது"ன்னாங்க.

இத எங்கிட்ட சொன்னாங்க. எங்கிட்டதான் சொன்னாங்க. அத நான் மறக்கல.

சிஸ்டர் இப்ப யாரக் கூப்பிட்டாங்க? உங்க பேரா? இல்லையா. சரி சரி.

மறு வருஷம் மே மாசம் சீசனுக்கு, மிஷின் சப்ளை பண்ற மெட்ராஸ்காரங்க ஒரு போட்டி வச்சாங்க. ஒவ்வொரு ஊர்லயும் ஜெயிக்கிறவங்க மெட்ராசுக்கு வரணும், அங்க எல்லாருக்கும் சேத்து ஒரு போட்டி. பரிசு கலர் டிவி. எனக்கு டிவி பெருசில்ல. போட்டிய நடத்த வந்த ஆளு, சபாரி போட்டவரு, முந்தின நாளு எங்கிட்ட பேசிட்டிருந்தாரு. "நீ மெக்கானிக்கா? ஆடவும் செய்வியா? மெட்ராசுக்கு வா, எங்க முதலாளிகிட்ட சொல்றேன். எங்களுக்கு ஆள் வேணும்"னாரு. நான் அன்னிக்கே ட்ரங்க் கால் போட்டு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன், மெட்ராஸ்ல வேலை ஆகிருச்சுன்னு. யாரு லைன் போட்டுக் குடுத்தாங்கன்னு நெனக்கிறீங்க? தவமணியக்காதான். பேசி முடிச்சதும் லைன்லயே, "நல்லது தம்பி, நல்லா வருவீங்க"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை போட்டி. ஆளுக்கு ஒரே ஆட்டம். நான் காலையிலேயே ஆடிட்டேன். எழுபத்தோராயிரம். எனக்கு அது கம்மிதான். ஆனா யாரும் கிட்டக்கூட வரல. முப்பது, நாப்பது, அவ்வளவுதான். மதியம் ஒரு மணிக்கு மேல தவமணியக்கா வந்தாங்க. தனியா வரல. எக்ஸ்சேஞ்சு பொம்பளைங்க ஏழெட்டுப் பேரக் கூட்டிட்டு வந்தாங்க. எல்லாம் பட்டுச்சேலை, தலையில பூ, கல்யாணத்துக்கு வந்த மாதிரி. அதுல பரிமளம்னு ஒருத்தங்க. அவங்க தம்பிக்குத்தான் தவமணியக்காவப் பேசிட்டிருந்தாங்கன்னு ஊருக்கே தெரியும். அக்கா முகத்துல அன்னிக்கு ஒரு களை. அவங்கள நான் அப்படிப் பாத்ததே இல்ல.

ஆட ஆரம்பிச்சாங்க. ராவுத்தர் மத்தியானத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தாரு.

முப்பதாயிரத்துல ஒரு உயிரு போச்சு. நாப்பத்தஞ்சாயிரத்துல ஒண்ணு. அதுக்கப்புறம் போகவே இல்ல. புள்ளி ஏற ஏற இனாமா உயிரு சேரும் அந்த ஆட்டத்துல. அம்பது, அம்பத்தஞ்சு, அறுபது...  அறுபத்தெட்டாயிரம் வந்தப்ப கையில இன்னும் மூணு உயிரு. மூணு உயிரும்மா. எழுபத்தொண்ணு என்ன, தொண்ணூறு போயிருப்பாங்க. அப்ப பின்னாடி நின்னவன் ஒருத்தன் என் தோளத் தட்டி, "என்ன பிலவேந்திரா, பொம்பளகிட்ட போச்சா?"ன்னான்.

அப்ப கரண்ட் போயிருச்சு.

அந்தக் காலத்துல மலையில கரண்ட் போறது சகஜம். மழைக்குப் போகும், காத்துக்குப் போகும், ஒண்ணுமில்லாமலும் போகும்...

இல்ல. உங்ககிட்ட சொல்றதுல என்ன வந்துச்சு. நீங்க எந்த ஊரோ, நான் எந்த ஊரோ. கரண்ட் போகலம்மா. கடைக்குப் பின்னாடி ஒரு ரூமு, திரை தொங்கும், அதுக்குள்ளதான் மெயின் ஸ்விட்ச். தண்ணி குடிக்கப் போற மாதிரி போனேன். கைய வச்சேன். கீழ இழுத்துட்டேன். யோசிச்சு செய்யல, சத்தியமா. யோசிச்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவன் இல்ல, தேனியில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஒரு ஸ்க்ரூவக்கூட மாத்திப் போடமாட்டேன். பதினோரு மிஷினும் ஒண்ணா அடங்குச்சு. அவ்வளவு அமைதிய அந்தக் கடையில நான் கேட்டதே இல்ல. மனசுக்குள்ள அறுபது வரைக்கும் எண்ணிட்டு மேல தூக்குனேன்.

அது மட்டும் யோசிக்காமயா எண்ணுனேன்? அதான் எனக்குத் தெரியல.

வெளிய வந்தா, எல்லாரும் "ச்சே, ச்சே"ன்னுட்டு இருக்காங்க. மிஷின்ல புள்ளி சைபர். சபாரிக்காரரு நல்ல மனுசன், "மேடம், பாதியில நின்ன ஆட்டத்தக் கணக்குல எடுக்க முடியாது. ஆனா உங்க தப்பில்ல. இன்னொருக்கா முதல்லேர்ந்து ஆடுங்க"ன்னாரு. அதோட முடிஞ்சிருக்கணும். அவங்க ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பாங்க, தோத்திருப்பாங்க, எதுவோ. ஆனா தவமணியக்கா அசையாம நிக்கிறாங்க. தலைய வாசப்பக்கம் திருப்பிக் காது குடுத்துக் கேக்குறாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க.

"கரண்ட் போகலையே. எதிர்த்த கடையில டேப்பு நிக்காமப் பாடிட்டு இருந்துச்சே."

ஆம்லெட் கடை. அவன் டேப்ப நான் யோசிக்கவே இல்ல.

அம்பது பேரும் என்னையத் திரும்பிப் பாக்குறாங்க. அவங்க என்னையக் குத்தம் சொல்லலம்மா. "தம்பி, நீங்க உள்ள போனீங்கல்ல, ஃபியூசு கிஃபியூசு போயிருந்துச்சா?"ன்னுதான் கேட்டாங்க. எனக்கு ஒரு வழி விட்டாங்க. ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருச்சு. ஆனா எனக்கு அது அப்படிக் காதுல விழல. திருடனப் பிடிச்ச மாதிரி விழுந்துச்சு.  வாயில என்ன வந்துச்சோ அத சொன்னேன்.

"ராவுத்தர் உங்களுக்கு மட்டும் தனியா ஓசி டோக்கன் குடுத்து ஆட விட்டாரே, அப்பெல்லாம் கேள்வி கேக்கலையேக்கா?"

அவ்வளவுதான் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். ராவுத்தர் ஒரு நாளும் அவங்களுக்கு ஓசியில ஒரு டோக்கன் குடுத்தது கிடையாது. அவரு கடையில இருக்கறப்ப அவங்கள ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டாரு. எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். ஆனா அங்க இருந்த மத்தவங்களுக்குத் தெரியாதே. பின்னாடி ரெண்டு பேரு சிரிச்சானுங்க. பரிமளம் தவமணியக்காவ மேலருந்து கீழ ஒரு பார்வை பாத்தாங்க. ஒரு பார்வைதான். அப்புறம் முந்தானைய இழுத்துச் சொருகிட்டு, "வாங்கடி, ஷிப்டுக்கு நேரமாச்சு"ன்னு மத்தவங்களக் கூட்டிட்டு வெளிய போயிட்டாங்க.

தவமணியக்கா அழுகல. அந்த உருண்டை மேல வச்சிருந்த கைய எடுத்தாங்க. சேலையில தொடச்சாங்க. குடைய எடுத்துட்டுப் போனாங்க. இன்னொரு ஆட்டம் ஆடல.

ராவுத்தர் வந்தாரு. அவரு வர்றதுக்குள்ள யாரோ வழியிலேயே சொல்லிட்டானுங்க. கடையில ஆள் இல்லாத நேரம் பாத்து எங்கிட்ட வந்தாரு. "நான் அந்தப் பொண்ணுக்கு ஓசி டோக்கன் குடுத்தேனாப்பா?"ன்னாரு. நான் தலையக் குனிஞ்சேன். "நான் போயி இல்லைன்னு சொன்னா இன்னும் அசிங்கமாத்தான் போகும். சொல்லாட்டியும் அசிங்கம். எனக்கும் மூணு பொண்ணு இருக்கு"ன்னாரு. அப்புறம், "நீ ஜெயிச்சுட்ட. மெட்ராஸ் போயிட்டு வா. வந்ததும் சாவியக் குடுத்துரு"ன்னாரு. அடிச்சிருக்கலாம் அவரு.

மெட்ராஸ் போனேன். பெரிய ஹாலு. அங்க இருந்தது புது மிஷினு, உருண்டை வழுக்கிட்டுப் போகுது. எங்க கடை உருண்டை அழுக்கேறி இறுகிப்போனது, அதுல பழகுன கை. நாலு நிமிஷம்கூட நிக்கல. பதினோராயிரம். கடைசிலேர்ந்து ரெண்டாவது. அந்த முதலாளி என்னைய ஏறெடுத்தும் பாக்கல. திரும்பி வந்து சாவியக் குடுத்தேன். கரும்பலகையில ராவுத்தர் எல்லாப் பேரையும் அழிச்சு வச்சிருந்தாரு.

பரிமளம் வீட்டுல கல்யாணப் பேச்ச நிறுத்திட்டாங்க. அது என்னாலதான்னு சொல்ல முடியாது. வேற காரணமும் இருந்திருக்கலாம், நகை, ஜாதகம், எவ்வளவோ இருக்கு. அக்கா ஆறு மாசத்துல மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ராமநாதபுரம் பக்கமாம். மலையில பொறந்து வளந்தவங்க. ஆனா ஒண்ணு, அங்க போனதுனாலதான் பரீட்சையெல்லாம் எழுதி மேல வந்தாங்கன்னு சொன்னாங்க. ஒரு வகையில பாத்தா அவங்களுக்கு நல்லதாத்தான்...

இல்லம்மா. அப்படிச் சொல்லக்கூடாது. அப்பப்ப அப்படிச் சொல்லிக்குவேன், அவ்வளவுதான். 

எத்தனையோ தடவ பேசி வச்சிருந்தேன். அவங்களப் பாத்தா இப்படிச் சொல்லணும், அப்படிச் சொல்லணும்னு. 'அக்கா, டோக்கன் பத்தி நான் சொன்னது பொய். எனக்கு அப்ப புத்தி இல்ல.' எங்க மாதா கோயில்ல சாமியாருகிட்ட, செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கேன். அவரு ஜெபம் சொல்லச் சொன்னாரு, சொன்னேன். அதுல அவங்களுக்கு என்ன ஆச்சு?

பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. எல்லாரும் செல்லுக்கு மாறுனப்ப, என் கடை லேண்ட்லைன் போன் வேண்டாம்னு எழுதிக் குடுக்க தேனி டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். எனக்குப் பின்னாடி ஏழு பேரு வரிசையில நிக்கிறாங்க. ஃபாரத்த நீட்டுனேன். சீட்டுல இருந்த அம்மா கண்ணாடிய ஏத்தி விட்டுப் படிச்சாங்க. படிச்சவங்க மேல இருந்த பேர இன்னொரு தடவ படிச்சாங்க. அப்புறம், "பிலவேந்திரன்... கொடைக்கானலா?"ன்னாங்க.

முடி பாதி நரைச்சிருச்சு. நான் அவங்க கையத்தான் பாத்தேன். அதே வெரலு. பேனாவ ரெண்டே வெரல்ல பிடிச்சிருந்தாங்க.

 டோக்கன் பேச்சக் கேக்கப் போறாங்க, சொல்லிரணும், இதான் சமயம், பின்னாடி யாரு நின்னா என்னன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிறேன். அவங்க அதக் கேக்கல. கையெழுத்துப் போட்டு, சீலு வச்சு, ஃபாரத்த என் பக்கம் தள்ளுனாங்க. தள்ளிட்டு, அதுமேல கைய வச்சுக்கிட்டே, ரொம்ப மெதுவாக் கேட்டாங்க.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தம்பி. எத்தனையோ வருஷமா. அன்னிக்கு நெசமாவே கரண்ட் போச்சா? இல்ல..."

ஃபாரத்து மேலேருந்து கைய எடுக்கல.

நான் அதுக்குத் தயாரா இல்லம்மா. டோக்கனுக்குப் பதில் வச்சிருந்தேன், இதுக்கு வச்சிருக்கல. பின்னாடி ஒருத்தன் இருமுறான். நான் சொன்னேன், "கரண்ட்தான்கா போச்சு. எங்க பக்கம் ஒரு ஃபேஸ் மட்டும் போயிருந்துச்சு. எதிர்ச் சாரிக்குக் கரண்ட் வர்றது வேற ஃபேஸு. அதான் அந்த ஆம்லெட் கடையில டேப்பு பாடிட்டு இருந்துச்சு." கோர்வையா வந்துச்சு. தொழில் தெரிஞ்சவன் பாருங்க. ஒரு சந்தேகமும் வராது.

அவங்க என்னையவே பாத்தாங்க. அப்புறம் அவங்க முகத்துல ஏதோ இறங்குன மாதிரி இருந்துச்சு. சொமைய இறக்கி வைக்கிறப்ப வருமே, அந்த மாதிரி.

"ஒரு ஃபேஸு... ஆமால்ல. டெலிபோன்ல வேலை பாக்குறேன், எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. இத்தன வருஷமும் நீங்கதான் அணைச்சீங்கன்னு மனசுக்குள்ள வச்சிருந்தேன் தம்பி. அத்தன பேரு முன்னாடி உங்களச் சந்தேகப்பட்டுக் கேட்டுட்டேன். அதுனாலதான் நீங்களும் கோவத்துல ஏதோ பேசிட்டீங்க. தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்கங்க."

கையக் கூப்புனாங்கம்மா. பெரிய ஆபீசரு. வரிசையில நிக்கிற ஏழு பேருக்கு முன்னாடி.

நான் ஃபாரத்த எடுத்து மடிச்சு பையில வச்சேன். "பரவாயில்லக்கா, அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்"னேன்.

மன்னிப்புக் கேட்டாங்க. குடுத்துட்டு வந்தேன்.